பொறியியல் பட்டமின்றி எரிசக்தி, கனிமப் பொறியியலில் முதுமாணி கற்கலாமா?

தலவாக்கலையிலிருந்து: பேராதனையில் புவிச்சரிதவியல் பட்டம் பெற்றுள்ளேன். மேல் கொத்மலையின் 150 மெகாவாட் நீர்மின் நிலையத்தின் அருகே வளர்ந்ததாலோ என்னவோ, இத்துறையில் ஆர்வம் உண்டு. எனது விண்ணப்பத்தை ஏற்பார்களா?

கண்டியிலிருந்து: வாய்ப்புண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்பெயரிலேயே ஒரு துறை இயங்குகிறது. பிற பட்டதாரிகளைச் சேர்க்கும் துறைகள், கணிதம், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல் ஆகியவற்றில் அடிப்படைப் பாடங்களை முதலில் முடிக்குமாறு கேட்பதுண்டு. நோக்க அறிக்கையில் ஆர்வத்தை மட்டும் விவரிக்காமல் (எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்), இலங்கையின் போகல சுரங்கத்தின் நரம்புக் காரீயம் (பாறைப் பிளவுகளில் படிந்த கிராபைட்) போன்ற நீங்கள் அறிந்த படிவொன்றைப் பற்றித் தெளிவான ஆய்வுக் கேள்வியை எழுப்பி, அதற்கு நெருக்கமாக ஆராயும் பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

அட்டனிலிருந்து: செலவையும் கணக்கிடுங்கள், தம்பி. ஆய்வு சார்ந்த முதுமாணிக்கே உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் புவிவளப் பொறியியல் துறையிலும் விசாரியுங்கள்.