தெரியாத ஊரில் வாடகைக்கு விட வீடு: பகுதியைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

முன்பின் பழக்கமில்லாத ஊரில் வாடகைக்கு விட வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முதல் வீட்டில் நஷ்டம் வந்ததற்குக் காரணம், வீட்டைப் பார்த்த அளவுக்கு நான் தெருவைப் பார்க்காததுதான்.

இரண்டு நாள் போயிருந்தேன். தரகர் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று பகுதிகளைக் காட்டினார், எல்லாம் பகல் வேளையில். ஊரின் ஓரத்தில் புதிதாக எழும்பியிருந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு மனசுக்குப் பிடித்துப்போனது. அகலமான சாலை, புது லிஃப்ட், பெயின்ட் வாசனை போகாத சுவர். ஆண்டு வாடகை வீட்டு விலையில் 6 சதவீதம் வரும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். முதல் வருடத்தில் 5 மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. 6 சதவீதம் 3.5 ஆகிவிட்டது. வரி, பராமரிப்பு, பழுது எல்லாவற்றையும் அதிலிருந்துதான் கட்ட வேண்டும்.

காரணம் புரியவே நாளானது. அங்கே வாங்கிய பலரும் என்னைப் போல வாடகைக்கு விட வாங்கியவர்கள். ஒரே அளவு, ஒரே அமைப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் காலி. யார் வாடகையைக் குறைத்தாரோ அவருக்கு ஆள் கிடைத்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன; காரில் போனபோது அதை வளர்ச்சி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். காலி செய்த பெண்மணி சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: “வீட்டில் ஒரு குறையும் இல்லைங்க. ராத்திரி வேலை முடிந்தால் பஸ் கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து தனியாக நடந்து வரப் பயமாக இருக்கிறது.”

அடுத்த முறை வாங்குவதற்கு முன் அதே ஊரில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கினேன். இரவு 8 மணிக்கு மேல் தெருத்தெருவாக நடந்து, விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணினேன். ஒரு கட்டடத்தில் 24 வீடுகள். 9 வீடுகளில்தான் வெளிச்சம். மறுநாள் காலை கீழே தபால் பெட்டிகளைப் பார்த்தால், பாதிக்கு மேல் துண்டறிக்கைகள் பிதுங்கி, தூசி படிந்து கிடந்தன. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் நடுவே இருந்த பழைய பகுதியில் சாலை குறுகல்தான், கட்டடங்களுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் ஜன்னல் தவறாமல் வெளிச்சம்.

விளம்பரத்தில் இருப்பது வீட்டுக்காரர் கேட்கிற வாடகை. கைக்கு வருவது வேறு. அதனால் வீடு தேடுபவனாகவே ஃபோன் செய்து கேட்டேன். புதுப் பகுதியில் நான் பேரம் பேசும் முன்பே குறைத்துச் சொன்னார்கள். பழைய பகுதியில், “நேற்றே போய்விட்டதே” என்றார்கள். அங்கேயே வாங்கினேன். தண்ணீர்க் குழாய்களை முழுதாக மாற்ற வேண்டி வந்தது, அது பெரிய செலவுதான். ஆனால் ஒருவர் போய் அடுத்தவர் வர இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆனதில்லை.

*

இதைப் படித்த இன்னொருவர் எழுதியது: நான் வாங்காமல் தப்பித்த கதையைச் சொல்கிறேன். தரைத்தள வீடு, விலையும் மலிவு. வெளிச்சுவரில் இடுப்பு உயரம் வரை மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மின் மீட்டர் பெட்டியின் கீழ்த் திருகுகள் துருப்பிடித்திருந்தன, மேலே இருந்தவை பளபளவென்று இருந்தன. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் இடுப்பருகே கையை வைத்துக் காட்டினார். மழைத் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது.

*

மூன்றாவதாக வேறொருவர் எழுதியது: வாடகைக்கு வருகிறவர்களின் வேலை விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வாடகைக்கு வந்த எல்லாருமே ஒரே தொழிற்சாலையில் இருந்தவர்கள். நான்கு வருடம் ஒரு நாள் கூடக் காலி இல்லை. அப்புறம் அங்கே ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் எங்கள் தெரு முழுக்க ‘வாடகைக்கு’ பலகை. அந்த வருடம் வங்கித் தவணையைச் சம்பளத்திலிருந்து கட்டினேன். இப்போது வேறொரு பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை 7 மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்று, யார் யார் எந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள் என்று விசாரிக்கிறேன். இதுவரை ஆறேழு வேறு வேறு இடங்களைச் சொல்லியிருக்கிறார்கள்.