கால் வந்தால் எடுக்க முடியவில்லை, எடுத்தால் வைக்க முடியவில்லை: அப்பாவின் புது டச் போன்

சென்னிமலை மகள்:
வணக்கம். அப்பாவுக்கு வயது 70. கைத்தறியில் பெட்ஷீட் நெய்தவர். இத்தனை காலமும் பட்டன் போன்தான். பெங்களூரில் இருக்கும் பேத்தியை வீடியோ காலில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால், ஆண்ட்ராய்டு 13 உள்ள டச் போன் வாங்கிக் கொடுத்தோம். கடையிலேயே டெம்பர்டு கிளாஸும் ஒட்டிக் கொடுத்தார்கள்.

அவர் தொட்டால் பல நேரம் எதுவும் நடப்பதில்லை. இன்னும் அழுத்தினால் ஐகான்கள் இடம் மாறிவிடுகின்றன. போன் அடிக்கும்போது பச்சைப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறார், கால் எடுபடுவதில்லை. பேச ஆரம்பித்ததும் திரை இருட்டாகிறது. காதிலிருந்து எடுத்த பிறகும் வெளிச்சம் வருவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் வைத்தால்தான் உண்டு. திரை இருட்டாவதைத் தவிர மற்றதெல்லாம் என் கையில் ஒழுங்காக நடக்கிறது. "பழைய போனையே கொடும்மா" என்கிறார். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கோவை வாசகர்:
டச் கோளாறுதான். உடனே மாற்றித் தரச் சொல்லுங்கள், நாள் கடந்தால் வாங்கமாட்டார்கள்.

ஈரோடு செல் சர்வீஸ்:
அவசரப்படாதீர்கள் அம்மணி. உங்கள் கைக்கு வேலை செய்கிறது என்றால் டச் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு.

முதலில் இருட்டுத் திரையைப் பார்ப்போம். காதில் வைக்கும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு சென்சார் இருக்கும். கன்னம் பட்டு எதுவும் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக, முகம் அருகில் வந்ததும் அதுதான் திரையை அணைக்கிறது. டெம்பர்டு கிளாஸின் கறுப்பு விளிம்பு அதன்மேல் ஏறியிருந்தாலோ, பசையும் தூசியும் படிந்திருந்தாலோ, காது இன்னும் அங்கேயே இருப்பதாகப் போன் எடுத்துக்கொள்ளும். கிளாஸை உரித்துவிட்டு, மேல்பகுதியை மெல்லிய துணியால் துடைத்து, ஒரு கால் போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால், சென்சாருக்கு இடம்விட்டு வெட்டிய கிளாஸாகக் கேட்டு வாங்கி ஒட்டுங்கள். அமைப்புகளில் (Settings) அணுகல்தன்மை (Accessibility) என்ற பகுதிக்குள், பவர் பட்டனால் காலைத் துண்டிக்கும் வசதியும் இருக்கும். அதை இயக்கி வைத்தால், வைப்பதற்கு அவர் திரையைத் தேட வேண்டியதில்லை. பேச்சின் நடுவே அந்தப் பட்டனில் கை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது விரல். தொடுதிரை நம் அழுத்தத்தை அளப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. விரல் பட்டால் அது சற்று மாறும், அந்த மாற்றத்தைத்தான் போன் உணர்கிறது. தறி வேலையில் காய்ப்பேறி வறண்ட விரல் நுனிக்கு அந்த மாற்றம் மிகக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு அமுக்கினாலும் பயன் இல்லை. ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டு, காய்ப்பு குறைவாக உள்ள விரலின் சதைப்பகுதியால் தொடச் சொல்லுங்கள். சில போன்களில் தொடுதிறனைக் கூட்டும் அமைப்பும் உண்டு.

பட்டன் போனில் பழகியவர்கள் அழுத்திப் பிடிப்பார்கள். டச் போனில் அழுத்திப் பிடிப்பது வேறு கட்டளை. அதனால்தான் ஐகான்கள் இடம் மாறுகின்றன. அணுகல்தன்மையிலேயே, எவ்வளவு நேரம் விரலை வைத்திருந்தால் அதை அழுத்திப் பிடித்ததாகக் கொள்ள வேண்டும் என்று மாற்றலாம். அதிக நேரத்துக்கு வையுங்கள். அப்பாவின் கையில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கைக்கு ஏற்றபடி போனைத்தான் திருத்த வேண்டும்.

மதுரை ஆசிரியை:
கால் எடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். பல போன்களில் திரை பூட்டியிருக்கும்போது பச்சை வட்டத்தைத் தொட்டால் போதாது, மேலே தள்ள வேண்டும். போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது கால் வந்தால் மட்டும் தொட்டாலே எடுக்கும். இந்த இரண்டும்தான் பெரியவர்களைக் குழப்புகின்றன. நீங்கள் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டு, அவரையே எடுக்கவிடுங்கள். தயவுசெய்து அவர் கையிலிருந்து போனை வாங்கிச் செய்து காட்டாதீர்கள்.

சென்னிமலை மகள்:
அண்ணா, கிளாஸை எடுத்ததும் திரை சரியாகிவிட்டது! அழுத்தும் நேரத்தையும் கூட்டிவிட்டேன். அப்பா இப்போது மோதிர விரலால் தொடுகிறார், நன்றாகவே எடுபடுகிறது. டீச்சர், நீங்கள் சொன்னபடியே கூப்பிட்டேன். முதலில் தடுமாறினார், பிறகு தானாகவே தள்ளி எடுத்தார். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒன்று: பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் அணைவதில்லை, பேசச் சொல்லி ஏதோ வருகிறது.

ஈரோடு செல் சர்வீஸ்:
அது குரல் உதவியாளர் அம்மணி. பவர் பட்டனையும் ஒலியைக் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் அணைக்கும் மெனு வரும். பழைய முறையே வேண்டுமென்றால், அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதிக்குள் சைகைகள் என்ற இடத்தில் மாற்றிவிடுங்கள்.