டுபாய் போகும்போது இங்குள்ள ஆஸ்பத்திரிக் காப்புறுதியை நிறுத்தலாமா?

தலவாக்கலை குமார்:
வணக்கம். டுபாயில் ஹோட்டல் வேலை ஒன்று சரிவந்திருக்கிறது, அடுத்த மாதம் பயணம். இங்கே ஆயுள் காப்புறுதி ஒன்று கட்டி வருகிறேன். அதோடு எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரிக் காப்பும் இருக்கிறது. டுபாய் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்ட் தருமாம். இரண்டு பக்கமும் எதற்குக் காசு, இங்குள்ளதை நிறுத்து என்கிறார் மச்சான். முகவர் "பிரச்சினை இல்லை, கட்டுங்கள்" என்கிறார், ஆனால் எதையும் எழுத்தில் தருவதாக இல்லை. போன வருடம் எனக்குச் சீனி வருத்தம் இருப்பதும் தெரியவந்தது. என்ன செய்வது?

போகவந்தலாவை சிவா (இப்போது ஷார்ஜாவில்):
அண்ணே, நிறுத்தாதீங்க. இங்கே கார்ட் தரத்தான் வேண்டும். டுபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஷார்ஜா உட்பட, அதுவரை கட்டாயமில்லாத மற்ற இடங்களுக்கும் 2025 ஜனவரியில் கட்டாயமாக்கிவிட்டார்கள். அந்தக் காசை உங்கள் சம்பளத்தில் வெட்டவும் கூடாது. ஆனால் அந்தக் கார்ட் வேலையோடு ஒட்டியது. வேலை போய் விசாவை கேன்சல் பண்ணினால் கார்டும் போய்விடும். தலவாக்கலையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஹட்டன் அக்கா:
தம்பி, சீனி என்று சொன்னீர்களே, எனக்கு அதுதான் கவலை. கட்டுப்பணம் தவறி, பிந்திக் கட்டத் தரும் சலுகைக் காலமும் தாண்டினால் பொலிசி காலாவதியாகிவிடும். பிறகு உயிர்ப்பிக்கப் போனால் உடல்நல விபரம் கேட்பார்கள், இரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். புதிதாக எடுத்தால் சீனியை ஏற்கெனவே இருந்த நோய் என்று ஒதுக்கிவிட இடமுண்டு. இன்று கையில் இருக்கும் காப்பு அப்போது அதே விலைக்குக் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கணவர் கட்டாரில். பொலிசி அவர் பெயரில். சின்னவனுக்கு நிமோனியா வந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அரசாங்க வார்டுக்கும் நாளாந்தக் கொடுப்பனவு உண்டு என்பதால் ஆஸ்பத்திரியில் நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டை எடுத்துக்கொண்டு காப்புறுதிக் கம்பெனிக்குப் போனேன். விண்ணப்பத்தில் பொலிசிக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவரோ அங்கே. படிவத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பி, அவர் கையெழுத்து வைத்து கூரியரில் திருப்பி அனுப்பும்வரை காசு வரவில்லை. நீங்கள் போகுமுன்னே மனைவிக்கு அதிகாரக் கடிதம் கொடுக்க முடியுமா என்று கம்பெனியிலேயே கேளுங்கள். மூலப் பொலிசியும் மனைவியிடம் இருக்கட்டும்.

தலவாக்கலை குமார்:
நன்றி அக்கா, சிவா தம்பிக்கும். அப்படியென்றால் டுபாயில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் இங்குள்ள பொலிசி காசு தருமா?

ஹட்டன் அக்கா:
அது பொலிசிக்குப் பொலிசி வேறு. சிலதில் இலங்கைக்குள் மட்டும் என்று இருக்கும், சிலதில் வெளிநாட்டுக்குத் தனி வரம்பு. முகவரிடம் கேட்காதீர்கள். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று விடயம் கேளுங்கள்: டுபாய்ச் செலவு சேருமா, நான் அங்கே இருக்கும்போது வீட்டாருக்குக் காப்பு தொடருமா, தொழிலும் வதிவிடமும் மாறியதைப் பதிய என்ன படிவம். தொழில் மாறியதைச் சொல்லாமல் விட்டால் பிறகு கொடுப்பனவு கேட்கும்போது அதையே பிடித்துக்கொள்வார்கள்.

தலவாக்கலை குமார்:
பதில் வந்துவிட்டது. டுபாய்ச் செலவு சேராது, மனைவி பிள்ளைகளுக்குத் தொடரும், தொழில் மாற்றப் படிவத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். தொடரப் போகிறேன். மச்சானிடமும் மின்னஞ்சலைக் காட்டினேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தால் ஒரு காப்புறுதி வருமே, அது போதாதா என்று கேட்கிறார்.

போகவந்தலாவை சிவா:
வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவைக் கட்டாயம் செய்யுங்கள் அண்ணே, அது வேறு விடயம். அந்தக் காப்புறுதி வேலைக்குப் போகிறவருக்கு. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதை நம்ப முடியாது. சந்தேகம் என்றால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள். அப்புறம் கட்டுப்பணத்தை இங்கிருந்து மாதாமாதம் அனுப்பிக் கட்டலாம் என்று நினைக்காதீங்க. முதல் சம்பளம் பிந்தும். போகுமுன்னே கட்டுப்பணம் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி பேங்கில் நிலையியற் கட்டளை போட்டு, சில மாதத்துக் காசைக் கணக்கில் விட்டுவிட்டு வாங்க.