மறு: செருகுநிரல் 'முடங்கியது' வேண்டாம், 'முறிந்தது' என்போம்

வணக்கம்.

ஃபயர்பாக்ஸ் உலாவியின் தமிழாக்கத்தில், உலாவிக்குள் ஓடும் துணை மென்பொருளான 'பிளக்கின்' என்பதற்குச் செருகுநிரல் என்ற சொல்லில் நமக்குள் வேறுபாடு இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த சொல்லில் இருக்கிறது. அது திடீரென நின்றுபோய் 'கிராஷ்' ஆவதற்கு நம் தமிழாக்க வரைவில் 'முடங்கியது' என்று போட்டிருக்கிறோம்.

ஃபிளாஷ் புழக்கத்தில் இருந்த நாளில் அந்த வரைவை மாமாவின் கணினியில் நிறுவிக் கொடுத்தேன். ஃபிளாஷ் என்ற செருகுநிரலில் ஓடிய காணொளி பாதியில் நின்று, அந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி வந்து, 'செருகுநிரல் முடங்கியது' என்றது. மாமா, செருகுநிரல்களைப் பட்டியலிடும் துணைநிரல் சாளரத்தைத் திறந்து ஃபிளாஷைத் தேடிப் பிடித்தார். அங்கே பொத்தானில் 'முடக்கு' என்று இருந்தது. "ஏற்கெனவே முடங்கிடுச்சுன்னு அங்க சொல்லுது, முடக்கட்டுமான்னு இங்க கேக்குது. எதுப்பா சரி?" என்று போன் செய்தார். பக்கத்தை மீளேற்றியிருந்தாலே போதும்.

பிழை அவருடையது அல்ல. முடங்கு தன்வினை, முடக்கு பிறவினை. யாரோ முடக்கியதால்தான் முடங்கியது என்றே தமிழ்க் காதுக்குக் கேட்கும். நாமே ஒன்றை இயங்காமல் நிறுத்திவைக்கும் 'டிசேபிள்' என்பதற்கு 'முடக்கு' நன்றாக ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம்.

கிராஷுக்கு 'முறிவு' என்கிறேன். 2010 ஜூன் 22 அன்று வந்த ஃபயர்பாக்ஸ் 3.6.4 முதல், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஃபிளாஷ், குவிக்டைம், சில்வர்லைட் ஆகிய செருகுநிரல்கள் மூன்றும் உலாவிக்கு வெளியே 'பிளக்கின்-கண்டெய்னர்' என்று தனியாக ஓடின. அதற்கு முன்பெல்லாம் ஃபிளாஷ் விழுந்தால் திறந்திருந்த அத்தனை தாவல்களையும் இழுத்துக்கொண்டு உலாவியே போய்விடும். அதன் பிறகு கிளை முறிந்தது, மரம் நின்றது. கிராஷுக்கு முந்தைய மடலில் வந்த 'நொறுங்கல்' எல்லாமே தூளாகிவிட்டதாகக் காட்டுகிறது. 'செயலிழப்பு' எந்தப் பழுதுக்கும் பொருந்தும், அதனாலேயே இங்கே உதவாது.

செருகுநிரல் பதில் தராமல் நிற்கும் 'ஹேங்' வேறு. 3.6.4-இல் 10 வினாடி பதில் வராவிட்டால் உலாவி செருகுநிரலை நிறுத்திவிட்டது. மெதுவான கணினிகளில் ஃபார்ம்வில் என்ற ஃபிளாஷ் விளையாட்டு ஏறவே அதற்கு மேல் ஆனது. நான்கே நாளில் 3.6.6 வந்து அதை 45 வினாடியாக்கியது. அந்த 45 வினாடியும் செருகுநிரல் உயிரோடுதான் இருந்தது, மீண்டுவிடவும் கூடும். அசைவே அற்ற 'உறைவு' அதற்குப் பொருந்தாது. 'திணறல்' என்போம். கெடு தாண்டியும் திணறினால் உலாவி முறித்துவிட்டது. தானாக விழுந்தால் முறிந்தது, உலாவி நிறுத்தினால் முறித்தது. ஒரே வேர் இரண்டுக்கும் கைகொடுக்கிறது.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். 'கண்டெய்னர்' என்பதற்கு வந்த 'கொள்கலன்' எனக்கு ஒட்டவில்லை. துறைமுகம்தான் கண்ணில் வருகிறது. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.