நோயாளியின் கணவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தவறா?

கேட்டவர்: விடுதிக் கணக்கர், வேலூர்

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் மருத்துவமனைக்கு அருகே உள்ள ஒரு தங்கும் விடுதியில் ஒன்பது ஆண்டுகளாக வரவேற்பு மேசையில் இருக்கிறேன். எங்களிடம் தங்குபவர்களில் பாதிப் பேருக்கு மேல் மேற்கு வங்கத்திலிருந்து சிகிச்சைக்காக வருபவர்கள். ஆதார் நகலை வாங்கிப் பதிவேட்டில் எழுதி, அறையோடு கேஸ் அடுப்பும் நான்கு பாத்திரங்களும் வாடகைக்குக் கொடுத்தால், மறுநாள் காலையிலேயே மாடி முழுவதும் கடுகெண்ணெய் வாசனை எழுந்துவிடும். என்னை எல்லாரும் 'தாதா' என்றே அழைப்பார்கள். அவர்கள் ஊரில் அதற்கு அண்ணன் என்று பொருள் என்பது புரியும்வரை எனக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

இரண்டாவது மாடியில் ஆறு வாரங்களாக ஒரு தம்பதியர் தங்கியிருக்கிறார்கள். மனைவிக்குத்தான் நோய். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் கண்களை மூடி ஜெபிப்பதைக் கணவர் பலமுறை பார்த்திருக்கிறார். போன வாரம் ஓர் இரவு, மின்சாரம் போயிருந்த நேரத்தில், கீழே வந்து எதிரில் உட்கார்ந்து, 'தாதா, நீங்கள் தினமும் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறீர்களே, அவர் எங்கள்மேல் கோபமாக இருக்கிறாரா?' என்று இந்தியில் கேட்டார்.

எங்கள் சபையில் சென்ற ஆண்டு சுவிசேஷ ஊழியத்துக்கான மூன்று நாள் பயிற்சி நடந்தது. ஒரு கைப்பிரதியை மனப்பாடம் செய்யவைத்து, வருட முடிவுக்குள் ஒவ்வொருவரும் இரண்டு ஆத்துமாக்களை ஆதாயம் செய்யவேண்டும், அதாவது இரண்டு பேரை விசுவாசத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அந்தக் கைப்பிரதிதான். 'எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களானார்கள்' என்று என் அரைகுறை இந்தியில் தொடங்கினேன். இரண்டாவது படிக்குப் போவதற்குள் அவர், 'என் மனைவி என்ன பாவம் செய்தாள்?' என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்று நாட்களாக என்னிடம் சாவியை வாங்கும்போதும் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் சொன்னது வேதத்தில் இல்லாத செய்தி அல்ல. அப்படியிருக்க, எங்கே தவறிற்று? மனிதனுக்கும் தேவனுக்கும் உள்ள உறவைப் பற்றி நோயின் வாசலில் நிற்கும் ஒருவரிடம் எதிலிருந்து தொடங்கிப் பேசவேண்டும்? அல்லது பேசவே கூடாதா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தோல் ஷாப்புக்காரர், இராணிப்பேட்டை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். நான் போதகன் அல்லன். முப்பத்திரண்டு ஆண்டுகள் தோல் பதனிடும் ஷாப்பில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த பழக்கம் மட்டும் உண்டு.

நீங்கள் சொன்ன வசனம் ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. ஆனால் வேதம் அந்த வசனத்தோடு தொடங்கவில்லை. தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார் என்றுதான் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே சொல்லுகிறது. அந்தச் சாயல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. வங்காளத்திலிருந்து வந்து உங்கள் இரண்டாவது மாடியில் படுத்திருக்கும் அந்த அம்மாளுக்கும் அது உரியது. உறவு முறிந்த கதை அதற்குப் பிறகு மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. அங்கேயும் கவனித்துப் பாருங்கள்: மனிதன் மரங்களுக்குள்ளே ஒளிந்துகொள்ளுகிறான், தேவன் அவனைத் தேடி வந்து முதலில் சொல்லும் வார்த்தை தீர்ப்பு அன்று, 'நீ எங்கே இருக்கிறாய்?' என்ற கேள்விதான். தெரியாமல் கேட்ட கேள்வியாக இதை எவரும் எடுத்துக்கொள்வதில்லை. ஒளிந்திருப்பவனே வாய்திறந்து பேச இடம் கொடுக்கிற கேள்வி அது.

அதே அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தை நான் பல ஆண்டுகள் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். தேவனாகிய கர்த்தர் ஆதாமுக்கும் அவன் மனைவிக்கும் தோல் உடைகளை உண்டாக்கி உடுத்தினார் என்று அது சொல்லுகிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வரி. நம் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆட்களுக்கு அப்படி இல்லை. பச்சைத்தோல் உப்போடு வந்து இறங்கும்போது எப்படி நாறும், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய பிறகு மயிரையும் சதையையும் வழித்தெடுக்க எத்தனை நேரம் ஆகும், அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்துகிற ஆளின் நகக்கண் என்ன நிறத்தில் இருக்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த வேலை பார்ப்பவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். வேதம் செய்முறையைச் சொல்லவில்லைதான். ஆனால் தமக்குக் கீழ்ப்படியாத இரண்டு பேருடைய வெட்கத்தை மூட, தேவன் தாமே தோலைக் கையில் எடுத்தார் என்று அது சொல்லும்போது, எனக்கு ஷாப்பின் வாசனைதான் நினைவுக்கு வருகிறது. தோல் வேண்டுமென்றால் ஓர் உயிர் போகவேண்டும் என்பதை வைத்து, சிலுவையின் முதல் நிழல் இது என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. நான் அதற்கு முன்பே நின்றுவிடுகிறேன். உறவை முறித்தவன் மனிதன். மறுபடியும் கிட்டே வந்து உடுத்திவிட்டவர் தேவன். பிற்பாடு அப்போஸ்தலன் பவுல் 'ஒப்புரவாக்குதல்', அதாவது முறிந்த உறவைச் சேர்த்துவைத்தல், என்று கொரிந்தியருக்கு எழுதியது இந்தக் காரியத்தின் தொடர்ச்சிதான்.

இன்னொன்று. நீங்கள் மனப்பாடம் செய்ததைச் சொன்னீர்கள். லூக்கா 15-இல், தகப்பனை விட்டுப் போய்ச் சொத்தை அழித்த இளைய குமாரனும் மனப்பாடம் செய்துகொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினான். 'பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன், இனி உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரனல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்பது அவன் பன்றிகளுக்கு நடுவே தயாரித்த பேச்சு. ஆனால் தகப்பன் முன்பாக அவன் சொன்னதை எடுத்துப் பாருங்கள்: கூலிக்காரன் என்ற அந்தக் கடைசி வாக்கியம் அங்கே இல்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் தகப்பன் வேலைக்காரரிடம் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மேலும், தகப்பன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டது மகன் வாய்திறப்பதற்கு முன்பே. உங்கள் விருந்தாளி கேட்ட கேள்விக்கு, அதாவது அவர் கோபமாக இருக்கிறாரா என்பதற்கு, பதில் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. நீங்கள் அவரிடம் தகப்பனைச் சொல்லாமல் மகனுடைய பேச்சை மட்டும் சொல்லிவிட்டீர்கள்.

பதில் 2: தோட்டப்பாளையம் வாசகி

நான் கிறிஸ்தவள் அல்லள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிற குடும்பம். அதே அகழிக்குள் ஒரு தேவாலயமும் மசூதியும் இருப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். ஆகவே அண்ணன் கேட்ட கேள்வியை மறுபக்கத்திலிருந்து சொல்லத் தோன்றுகிறது.

என் அம்மா நோயாய்ப் படுத்திருந்த காலத்தில், முன்பின் தெரியாத ஒருவர் கட்டிலருகே வந்து, 'அவரை ஏற்றுக்கொள்ளுகிறீர்களா?' என்று கேட்டார். அம்மாவுக்கு அப்போது மூச்சுவாங்கியதால் பேசவே முடியாது. வேண்டாம் என்று சொல்ல வலுவில்லாதவரிடம் சம்மதம் கேட்பது எந்த மதத்திலும் முறையாகாது என்பது என் கருத்து. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவ அக்கா, அந்த நாட்களில் தினமும் காலையில் ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தைகூட மதத்தைப் பற்றிப் பேசமாட்டார். செயலே போதும், பேச்சு வேண்டாம் என்று இங்கே எவராவது எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். எனக்கு அது போதவில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நானே கேட்டபோதும் அவர் சிரித்துவிட்டு, 'சும்மாதாம்மா' என்றார். அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரியதாக அவர் நினைக்கும் ஒன்றை என்னிடம் சொல்லத் தகாது என்று ஒதுக்கிவிட்டாரோ என்று மனம் சற்று நொந்தது உண்மை. கேட்டால் சொல்லுங்கள். கேட்கிற அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். அந்த வங்காளத்துக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

பதில் 3: வேதபாட மாணவன், காட்பாடி

தோல் ஷாப்பு ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும், பாவத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடக்கூடாது என்பதால் சில வரிகள் எழுதுகிறேன்.

தம் மனைவியின் நோய்க்கும் பாவத்துக்கும் நீங்கள் முடிச்சுப் போட்டதாக அந்தக் கணவர் புரிந்துகொண்டார். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேட்ட இடத்தில் வேறு எப்படிப் புரியும்? யோவான் 9-இல் சீஷர்களே இந்த முடிச்சைப் போட்டு, பிறவிக்குருடனைக் காட்டி, 'இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ?' என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு அதை அவிழ்த்துவிடுகிறார். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் இதே தவற்றைத்தான் செய்தார்கள். அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்களிடம் குற்றம் காண இடமில்லை. பேசத் தொடங்கி, நீ ஏதோ செய்திருப்பாய் என்று நிரூபிக்கப் போனபிறகுதான், என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே அவர்களைக் கடிந்துகொள்ளும் நிலை வந்தது. இத்தனைக்கும் அவர்கள் சொன்ன வாக்கியங்களில் பல, தனியே எடுத்தால், சரியானவைதாம்.

அதே சமயம், லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசு எடுத்துச் சொல்லும்போது, இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று மறுத்துவிட்டு, மனந்திரும்புதல் என்ற பேச்சை, கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பக்கம் திருப்புகிறார். பாவம் என்ற சொல்லை அவர் கைவிடவில்லை. நலமாக நிற்பவர்களிடம் அதைப் பேசினார். ஆகையால், 'எல்லாரும்' என்ற அந்த வசனத்தைச் சொல்லும் உரிமை, அந்த எல்லாரில் முதல் ஆள் நான் என்று சொல்லத் துணிந்தவனுக்கே உண்டு என்று நினைக்கிறேன். உங்கள் கைப்பிரதி அந்த இடத்தில் 'நீங்கள்' என்று போட்டிருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

இரண்டு ஆத்துமா என்ற கணக்கைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். 'நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்' என்று பவுல் எழுதினார். விளைச்சல் உங்கள் பொறுப்பில் இல்லாதபோது அதற்கு இலக்கு வைப்பது விடுதியின் அறை நிரம்பும் கணக்கைப் போல் ஆகிவிடும். சட்டமும் இதைப் பிரித்தே பார்க்கிறது: அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, ஆனால் அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. தவிர, நீங்கள் அறைச் சாவியைக் கையில் வைத்திருப்பவர், அவர் வாடகைக்கு இருப்பவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் பேச்சு பிடிக்கவில்லை என்றால் எழுந்து போக அவருக்கு இடம் இருந்ததே, அது நல்லதாயிற்று.

அவர் வாசிக்க விரும்பினால், அவருடைய மொழியிலேயே கொடுங்கள். வங்காளத்துச் செராம்பூரில் மிஷனரி வில்லியம் கேரி வங்காளப் புதிய ஏற்பாட்டை 1801-இலேயே அச்சிட்டுவிட்டார். நமக்கு 1715-இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு தமிழில் கொடுத்தது போலத்தான். அரைகுறை இந்தியில் நாம் கொடுக்கிற விளக்கத்தைவிட, வங்காள மொழியில் லூக்கா 15 தானே பேசிக்கொள்ளும்.

பதில் 4: விடுதிக் கணக்கர், வேலூர்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். காட்பாடித் தம்பி ஊகித்தபடியே, இரண்டாம் பக்கத்தில் 'நீங்கள் ஒரு பாவி' என்றுதான் இருக்கிறது. தோட்டப்பாளையம் தங்கைக்கும் தனியாக நன்றி. சும்மாதான் என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை, அடுப்புக்கு மாற்று சிலிண்டர் எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனேன். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். தேவன் கோபமாக இல்லை என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குக் குடிப்பழக்கம் இருந்த நாட்களையும், என் அப்பாவிடம் சொல்லாமல் பாகாயத்து வீட்டை விட்டுப் போய், பதினான்கு மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் திரும்பிவந்து படியில் உட்கார்ந்திருந்ததையும், அப்பா கதவைத் திறந்து, 'பல் விளக்கினாயா?' என்று மட்டும் கேட்டதையும் சொன்னேன். இந்தியில் பல வார்த்தைகள் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், பல் விளக்குவதைச் சொன்ன இடத்தில் சிரித்தார். யோவான் 9-ஐயும் வங்காள மொழியில் கைபேசியில் எடுத்துக் கொடுத்தேன். கணவர் வாசித்தார், கருத்து எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று அறையைக் காலி செய்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரவேண்டுமாம், அதே அறை வேண்டும் என்று எழுதிவைக்கச் சொன்னார். ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிய பிறகு திரும்பி மேசைக்கு வந்து, 'தாதா, அடுத்த தடவை டப்பாவைத் திறக்கும்போது இவள் பெயரையும் சொல்லுங்கள்' என்றார். பதிவேட்டில் நான் எழுதிவைத்திருந்த உச்சரிப்பு தவறு என்று சொல்லி, சரியாக வரும்வரை மூன்று முறை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார்.