புறா, கோழி ரத்தத்துல கிருமி: பாத்தவங்க உங்க அனுபவத்த போடுங்க

மேலப்பாளையத்துல இருந்து எழுதுதேன். மொட்டமாடில கர்ணப்புறாவும் ஹோமர் புறாவும் நிக்கு. புதுசா பறக்க ஆரம்பிச்ச குஞ்சுல ஒண்ணு ரெண்டு மயிர சிலுப்பிக்கிட்டு மூலைல உக்காந்துச்சு, எரை எடுக்கல, பச்சையா கழிஞ்சுச்சு, வாயத் தொறந்து பாத்தா உள்ள வெளுத்துக் கெடக்கு. ஆளாளுக்கு வெள்ளக்கழிச்சல்னு சொல்லி சொட்டு மருந்து விடச் சொன்னாவ, அது தடுப்பு மருந்துலா, சீக்கு வந்தபொறவு விட்டு என்ன செய்ய? ராமையன்பட்டி கால்நடை கல்லூரிக்கு தூக்கிட்டு போனேன். அங்க டாக்டரு றெக்கைய விரிச்சு மயிர ஊதுனாவ பாருங்க, தட்டையா ஒரு ஈ நண்டு கணக்கா பக்கவாட்டுல ஓடுச்சு. புறா வளக்குத நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச புறா ஈதான், கடிக்கும்னு மட்டும் நெனச்சிருப்போம், ஆனா ஹீமோபுரோட்டியஸ்ங்கிற ரத்தக் கிருமிய புறாவுக்கு புறா கொண்டுபோறதே அதுதானாம்.

றெக்க நரம்புல ஊசியால லேசா குத்தி ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடுல இழுத்து காயவச்சு, மெத்தனால்ல முக்கி, ஜீம்சா சாயத்துல அரை மணி நேரம் கெடந்த பொறவுதான் மைக்ராஸ்கோப்புல வச்சாவ. என்னையும் பாக்கச் சொன்னாவ, சிவப்பணு நடுவுல நீலமா ஒரு கரு, அத வளைச்சு சுத்திக்கிட்டு கிருமி, அதுமேல பழுப்பா பொடிப்பொடியா புள்ளி.



அண்ணாச்சி, நான் லேபுல இருக்கேன், கொஞ்சம் சேத்துக்கிடுதேன். மனுச சிவப்பணுல கரு கெடையாது, பறவைக்கு உண்டு. அதனால மனுசங்க லேபுல கொண்டு குடுத்தா ரத்த அணுவ எண்ணுற மெஷின் கொளம்பிரும், கண்ணாலதான் பாக்கணும். அந்த பழுப்புப் புள்ளி, ரத்தத்த தின்னுட்டு கிருமி விடுற கசடு. லூக்கோசைட்டோசூன்னு இன்னொண்ணு இருக்கு, கோழிக்கும் வரும், அதுல இந்தக் கசடே இருக்காது. பறவை மலேரியாவுக்கும் கசடு உண்டு, ஆனா அது ஓடுற ரத்தத்துலயே பலதா பிரியும், புறா கிருமி அப்படி பிரியாது, உள்உறுப்புல பெருகிட்டு முத்துனதுதான் ரத்தத்துக்கு வரும். இதெல்லாம் புதுசுன்னு நெனச்சிராதிய, 1898ல கல்கத்தாவுல ரொனால்ட் ராஸ் கொசுதான் மலேரியாவ பரப்புதுன்னு முழுசா நிரூபிச்சதே குருவிய வச்சுதான், 1902ல நோபல் குடுத்தாவ.



கூந்தங்குளம் பக்கம் நான். இங்க ஊருக்குள்ள மரத்துலயே நாரை கூடு கட்டும், காத்துக்கு குஞ்சு விழும். அப்படி விழுந்த ஒண்ண பாக்க வனத்துறை ஆளோட வந்த டாக்டரு சொட்டு ரத்தம் எடுத்தாவ, ஸ்லைடுல ஒண்ணும் தெரியல. அதுக்காக இல்லன்னு சொல்லிர முடியாது, கிருமி கொறச்சலா இருந்தா ஸ்லைடுல தப்பிரும், கிருமியோட மரபணுவ தேடுத பி.சி.ஆர். சோதனை போட்டாதான் மாட்டும்னாவ. காட்டுப் பறவைல நெறைய இத வச்சுக்கிட்டே நல்லாத்தான் திரியுதாம். ஒரு விசயம், மயில் நோஞ்சானா நிக்குன்னு நீங்களா பிடிச்சு ஊசி குத்தப் போயிராதிய, 1972 வனவிலங்கு சட்டத்துல உள்ள தூக்கி வச்சிருவாவ.



அண்ணாச்சி, புறாவுக்கு என்ன மருந்து குடுத்தாவ? மலேரியா மாத்திரைய ஒடச்சு தண்ணில கலக்கலாம்னு ஒருத்தர் சொல்லுதாரு, நம்பலாமா?



தம்பி அந்த வேலையே வேண்டாம். எடை போட்டு பாத்துதான் டாக்டரு அளவு சொன்னாவ, கூடிப்போச்சுன்னா புறா தாங்காது. மருந்தவிட ஈய ஒழிக்கதுதான் பெரிய வேலை. அது முட்ட போடாது, புழுவாவே போடும், அதுவும் உடனே கூட்டுப்புழுவாயிரும். கூட்டுக்கடில கறுப்பா உருண்டையா கெடக்கும், எச்சம்னு விட்டுருவோம். ஈயா வெளிய வர கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும்ங்கதால, இருவது நாளுக்கு ஒருக்க கூட்டுக் குப்பைய மொத்தமா வழிச்சு எரிச்சிரணும், மாடிலயே ஓரமா கொட்டுனா அங்கனயே பொரிச்சு வந்துரும்.