லைன்னு சொன்னா எந்த லைன்? நம்ம ஏரியா ஆளுங்க அனுபவத்த சொல்லுங்க

கொருக்குப்பேட்டை ரயில்வே பிள்ளை:

எங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, கூடூர் பக்கம் சின்ன ஸ்டேஷன்லயே பாதி சர்வீஸ் போச்சு. சித்தப்பா ஈ.பி.ல லைன்மேன். ஒரே வீட்ல மேலயும் கீழயும் குடித்தனம், ரெண்டு பேர் வாயிலயும் எந்நேரமும் "லைன் கிளியர்" தான். ஆனா அப்பாவுக்கு லைன் கிளியர்னா அந்த ரூட்ல வண்டி வரலாம்னு அர்த்தம். சித்தப்பாவுக்கு அதே லைன் கிளியர்னா கரண்ட் வராது, கம்பத்துல ஏறலாம்னு அர்த்தம். அவங்க டிபார்ட்மென்ட்ல எல்.சி.ன்னு சுருக்கி சொல்லுவாங்க.

இது எவ்ளோ பெரிய வித்தியாசம்னு எனக்கு நல்லா ஒறைச்சது வர்தா புயல் அடிச்ச மறுநாள், 2016 டிசம்பர் 13. எங்க தெருவுல தூங்குமூஞ்சி மரத்தோட பெரிய கிளை முறிஞ்சி ஈ.பி. கம்பி மேல சாஞ்சி தொங்குது. சித்தப்பா கீழ நின்னு ஆபீசுக்கு போன்ல பேசினு இருக்காரு. ஏரியா பசங்கெல்லாம் கத்தி கயிறுன்னு எடுத்துனு ரெடி. அதுல ஒரு தம்பி, ரயில்வே டிராக் வேலையில கான்ட்ராக்ட்ல இருந்தவன், நல்ல உழைப்பாளி. சித்தப்பா போன வச்சுட்டு "லைன் கிளியர் இன்னும் வரல பா"ன்னு சொன்னாரு, அவ்ளோதான், அந்த தம்பி விறுவிறுன்னு போயி கிளைய புடிச்சி இழுக்க கைய நீட்டிட்டான். அவன் கணக்குல லைன் கிளியர் வரலன்னா வண்டி வராது, அப்ப தைரியமா எறங்கலாம். சித்தப்பா பாஞ்சி போயி அவன் சட்ட காலர புடிச்சி பின்னால இழுத்தாரு பாருங்க, பட்டன் தெறிச்சி போச்சு.

ஊரே இருட்டா தான் இருந்துச்சு. ஆனா எந்த ஃபீடர, அதாவது ஏரியாவுக்கு கரண்ட் கொண்டு வர்ற மெயின் லைன, எப்ப சார்ஜ் பண்ணுவாங்கன்னு தெருவுல நிக்கிறவனுக்கு தெரியாது இல்ல, அதனால எல்.சி. கைக்கு வர்ற வரைக்கும் அந்த கம்பில கரண்ட் இருக்குன்னு தான் அவங்க நெனைக்கணும். அந்த தம்பி மேல தப்பே இல்ல, அவன் வேலைல கத்துக்குனத அப்படியே சரியா செஞ்சான்.

அன்னிக்கு ராத்திரி அப்பா அவங்க முறைய சொன்னாரு. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷன்கிட்ட லைன் கிளியர் கேப்பாரு. அந்த ஸ்டேஷன்காரரு, முன்னாடி அனுப்புன வண்டி முழுசா வந்து சேந்துச்சா, கடைசி பெட்டில எல்.வி. போர்டு, அதாவது இதுதான் கடைசி பெட்டின்னு காட்ற போர்டு, இருக்கான்னு பாத்து தெரிஞ்சிக்கணும். ஏன்னா நடுவுல கப்ளிங் அறுந்து ரெண்டு பெட்டி பின்னாடியே நின்னுருந்தா அது மேல அடுத்த வண்டி ஏறிடும். எல்லாம் சரியா இருந்தா தான் குடுப்பாரு, போன்ல குடுக்கும்போது வெறும் வாய் வார்த்தை கெடயாது, பிரைவேட் நம்பர்னு ஒரு நம்பர் சொல்லணும், இந்த பக்கம் அத நோட்ல எழுதிக்கணும். 1856ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்கு தென்னிந்தியாவோட மொத வண்டி விட்ட ஊரு நம்ம ஊரு, இந்த லைன் பாஷை நம்ம ஏரியால வீட்டுக்கு வீடு கெடக்கு. உங்க வேலைல லைன்னா என்ன, அதனால என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

தம்புச்செட்டி தெரு கிளியரிங்:

அண்ணே படிக்கும்போதே கை நடுங்குச்சு. எங்க தொழில்ல உயிருக்கு ஆபத்து இல்ல, காசுக்கு தான். ஹார்பர்ல வந்த சரக்க கஸ்டம்ஸ் முடிச்சி வெளிய எடுத்து குடுக்கிற கிளியரிங் ஆபீஸ்ல லைன்னா கப்பல் கம்பெனி, அதாவது ஷிப்பிங் லைன். "லைன்ல டி.ஓ. வாங்கியாச்சா"ன்னு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதே பேச்சு தான். டி.ஓ.ன்னா டெலிவரி ஆர்டர், அது இல்லாம கன்டெய்னர் பெட்டி ஹார்பர விட்டு வெளிய வராது.

புதுசா சேந்த பையன் ஒருத்தன்கிட்ட எங்க சீனியர் அவசரத்துல "லைன்ல போயி டி.ஓ. வாங்கினு வா"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அவன் கஸ்டம்ஸ் ஹவுஸ்ல ஒரு கவுன்ட்டர் முன்னாடி நீளமா நின்ன கியூல போயி நின்னுட்டான், மதியம் வரைக்கும். வெள்ளிக்கிழம வேற. பெட்டிக்கு காசு கட்டாம இருக்குற ஃப்ரீ டேஸ் அன்னிக்கோட முடியுது, அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன்னு லேட் காசு கட்டணும், ஹார்பர் வாடகை தனி. நாள் ஆக ஆக ரேட்டும் ஏறும். திங்கக்கிழம வரைக்கும் கட்டவேண்டியதா போச்சு, சரக்கு பார்ட்டி எங்க மேல ஏறி குதிச்சாரு. அதுலேர்ந்து எங்க ஆபீஸ்ல லைன்னு மொட்டையா சொல்றதில்ல, கம்பெனி பேரு, பெட்டி நம்பர், ரெண்டையும் எழுதி குடுத்து தான் அனுப்புறோம்.

இதே ஹார்பர் காம்பவுண்டுக்குள்ள கப்பல் வந்து நிக்கிற பெர்த்ல வேலை செய்ற எங்க மச்சானுக்கு லைன்னா கப்பல கட்டுற கயிறு. முன்னாடி ஹெட் லைன், பின்னாடி ஸ்டெர்ன் லைன், நடுவுல ஸ்பிரிங். மொத ஒரு சின்ன கயிற முனைல கனம் கட்டி கரைக்கு வீசுவாங்க, அத புடிச்சி இழுத்தா பின்னாடி பெரிய வடம் வரும். அந்த வடம் முறுக்கேறி அறுந்தா எந்த பக்கம் சுழட்டி அடிக்குமோ அந்த எடத்துல நிக்கவே கூடாதுன்னு மொத நாளே சொல்லி குடுப்பாங்களாம்.

ஐ.சி.யூ. அக்கா:

நான் நர்ஸ். எங்களுக்கு லைன்னா நரம்புல போடுற ட்யூப். போன வருஷம் எண்ணூர்லேர்ந்து ஒரு அம்மா, வீட்டுக்காரருக்கு செப்சிஸ், அதாவது கிருமி தொத்து ஒடம்பு பூரா பாதிச்சிருச்சு, பி.பி. ஏறவே இல்ல. டாக்டர் வெளிய வந்து "சென்ட்ரல் லைன் போடணும்மா, சைன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அந்தம்மா தரையில உக்காந்து அழுவ ஆரம்பிச்சிட்டாங்க. என்னம்மான்னு கேட்டா, "இங்க முடியலன்னு சென்ட்ரலுக்கு அனுப்புறாங்களே கண்ணு, போற வழிலயே போயிடுவாரே"ன்றாங்க. அவங்களுக்கு சென்ட்ரல்னா ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு எதிர்ல ஜி.எச்., அதனால பெரியாஸ்பத்திரிக்கு தள்ளிவுடுறோம்னு புரிஞ்சிக்குனாங்க. நம்ம பக்கத்து ஆளுங்க யாரா இருந்தாலும் அப்படிதான் புரிஞ்சிக்குவாங்க.

பக்கத்துல உக்காந்து என் கழுத்தையே தொட்டு காட்டி சொன்னேன், இங்க ஒரு பெரிய ரத்தக்குழாய் இருக்கு, அது வழியா இதயம் பக்கத்துல வரைக்கும் மெல்லிசா ஒரு ட்யூப் விடுவோம், பி.பி. ஏத்துற மருந்து ரொம்ப காட்டமானது, கைல இருக்க சின்ன நரம்புல ரொம்ப நேரம் போட்டா வெளிய கசிஞ்சி சதையே கருகி போயிடும், அதுக்குதான்மா. கேட்டுட்டு ஒடனே கைநாட்டு வச்சாங்க. அவர் பதினோரு நாள் கழிச்சி வார்டுக்கு போனாரு. இப்பல்லாம் எங்க யூனிட்ல புதுசா வேலைக்கு சேர்றவங்களுக்கு நான் சொல்றது, சொந்தக்காரங்ககிட்ட அந்த பேர சொல்லாதீங்க, கழுத்துல ட்யூப்னு சொல்லுங்க.

உள்ளயும் வெறும் லைன்னு விட்டா டேஞ்சர். ஒரே ஆளுக்கு கைல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, பி.பி. பாக்க மணிக்கட்டு ஆர்ட்டரில ஒண்ணு இருக்கும். ஆர்ட்டரி லைன்ல மருந்து போனா வெரல் செத்துடும். அதனால ஊசி போடறதுக்கு முன்னாடி மருந்து பையிலேர்ந்து ஒடம்புல போற எடம் வரைக்கும் ட்யூப கைலயே தடவினு வருவோம். எவ்ளோ அவசரமா இருந்தாலும்.

பழைய வண்ணை:

எங்க வீட்ல ஒரு சம்மந்தமே இதுல நின்னு போச்சுங்க. தரகர் வந்து "பையன் லைனுக்கு போறாரு, கை நெறய சம்பளம்"னு சொன்னாரு. எங்க மாமா ஈ.பி. லைன்மேன்னு நெனச்சு கவர்மென்ட் மாப்பிள்ளைன்னு சொந்தம் பூரா சொல்லிட்டாரு. பையன் சோப்பு பிஸ்கட் ஏஜென்சில சேல்ஸ், கடை கடையா ஆர்டர் எடுக்கிற ரூட்ட தான் அங்க லைன்னு சொல்லுவாங்க. அவரு எதையும் மறைக்கல, மொத பேச்சுலயே பைக்ல திருவொற்றியூர், எர்ணாவூர் சுத்துறேன்னு சொன்னாரு பாவம். மாமா தான் வேணாம்னாரு. நல்ல பையன், எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

மணலி ஷிஃப்ட்:

ரீஃபைனரி சைடுல லைன்னா பைப்பு, வேற ஒண்ணும் இல்ல. எல்லாத்துக்கும் நம்பர் உண்டு, பைப்பு மேலயே எழுதி இருக்கும். பெர்மிட்ல நம்பர் இல்லாம ஒரு போல்ட்டு கூட கழட்ட விடமாட்டாங்க. ஐ.சி.யூ. அக்கா சொன்ன மாதிரியே நாங்களும் டேங்க்லேர்ந்து பம்ப்பு வரைக்கும் நடந்து போயி வால்வு வால்வா பாப்போம், அதுக்கு பேரு லைன் டிரேசிங்.

ரிட்டயர்டு வயர்மேன்:

தம்பி, உங்க சித்தப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. எல்.சி. பத்தி ஒண்ணு சேத்துக்கறேன். அது லைனுக்கு குடுக்கிறது இல்ல, ஆளுக்கு குடுக்கிறது. யாரு பேர்ல வாங்குனாங்களோ அவரு தான் வேலை முடிச்சி, ஆளுங்கள எறக்கி, கம்பிய தரையோட இணைக்கிற எர்த் ராட எடுத்துட்டு, திருப்பி குடுக்கணும். ஒரே ஃபீடர்ல ரெண்டு கேங் எல்.சி. வாங்கி இருந்தா ரெண்டு பேரும் ரிட்டர்ன் பண்ணாதான் சார்ஜ் பண்ணுவோம், ஒருத்தர் டீ குடிக்க போயிருந்தாலும் வெயிட் பண்ணுவோம். எல்.சி. கைல இருந்தாலும் எர்த் ராட் போடாம கம்பிய தொடமாட்டோம், எவனாவது வீட்ல இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் தப்பா கட்டி வச்சிருந்தா அங்கேர்ந்து ரிட்டர்ன் கரண்ட் வரும்.

பப்ளிக் சொல்ற லைன் இருக்கே, அது தான் எங்களுக்கு ரொம்ப கஷ்டம். மழை நேரத்துல ஆபீஸ்ல போன் எடுத்தா எல்லாரும் "லைன் கட் ஆயிடுச்சு"ம்பாங்க. கரண்ட் இல்லன்னாலும் அதே, கம்பி அறுந்தாலும் அதே. ஒரு தடவ தண்டையார்பேட்டை பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா அப்படிதான் பேசுனாங்க, கரண்ட் இல்லயாம்மா, கம்பி அறுந்துச்சான்னு கேட்டேன். "கம்பிதாம்பா, தண்ணில கெடக்குது, புள்ளைங்க அந்தாண்ட நிக்குதுங்க"ன்னாங்க. பேசினு இருக்கும்போதே ஃபீடர ஆஃப் பண்ண சொன்னேன், அப்பால தான் தெரு பேரே கேட்டேன்.

அதனால நீங்க கூப்பிடும்போது லைன்ற வார்த்தையே வேணாம். "கம்பி அறுந்து கீழ கெடக்கு"ன்னு மொத சொல்லுங்க, அப்புறம் பக்கத்து கம்பத்துல பெயின்ட்ல எழுதி இருக்க நம்பர், தெரு பேரு. ஈ.பி. புகார் சென்டரான மின்னகம் நம்பர் 94987 94987, எந்நேரமும் எடுப்பாங்க.